சேர்ந்தமைக்குச் சான்று: பதிவுத் தபாலின் வரலாறு

எழுத்தைக் கண்டுபிடித்த மனிதனுக்கு அன்று தொட்டு இரண்டு கவலைகள் உண்டு. எழுதியனுப்பிய ஓலை உரியவரைச் சேருமோ என்பது ஒன்று. சேர்ந்த பின்னர், 'எனக்குக் கிடைக்கவில்லை' என்று அவர் மறுப்பாரோ என்பது மற்றொன்று. முதற் கவலையைத் தீர்க்க ஓட்டக்காரரும் குதிரை வண்டியும் கப்பலும் புகையிரதமும் ஆகாயவிமானமும் வந்தன. இரண்டாவது கவலையைத் தீர்க்க வந்ததோ ஒரு சிறு துண்டுக் கடதாசி. பதிவுத் தபாற் பற்றுச்சீட்டு என்றும், பெற்றவர் ஒப்பமிட்டுத் திரும்பிவரும் அட்டை என்றும் நாம் அறிந்திருப்பது அதுவேயாம்.

அரசர் பட்டமேறியதையும் போரில் வென்றதையும் வரலாறு என்று படிக்கின்றோம். இச்சிறு கடதாசிக்கும் ஒரு வரலாறு உண்டு. சிலாபம் முதற் கற்பிட்டி வரை நீண்டு கிடக்கும் எமது கரையில், வலையையும் உப்பளத்தையும் தென்னையையும் நம்பி வாழும் மக்களுக்கு அவ்வரலாறு வெறும் அறிவுப் பசிக்கு மட்டும் உரியதன்று. காணி, குடியுரிமை, பரீட்சை, கடன், வழக்கு ஆகிய அனைத்தும் ஒரு கடிதம் சேர்ந்ததா இல்லையா என்னும் கேள்வியில் வந்து முடிவதுண்டு. ஆதலின், இம்மலரைக் கையிலெடுக்கும் இளைஞரும் பெரியோரும் இதனைச் சற்று ஆராய்ந்து நோக்குதல் நன்று.

திருமுகமும் மறுமொழியும்

சேர்ந்தமைக்குச் சான்று கேட்கும் வழக்கம் மேனாட்டார் வந்து எமக்குக் கற்பித்ததன்று. இராசராச சோழன் தனது 21ஆம் ஆட்சியாண்டில் நாகபட்டினத்துச் சூளாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைத் தானமாக வழங்கினான். அத்தானத்தைப் பொறித்த பெரிய லெய்டன் செப்பேடு 21 ஏடுகளைக் கொண்டது; 5 ஏடுகள் வடமொழியிலும் 16 ஏடுகள் தமிழிலும் உள்ளன. சோழர் ஆட்சியில் ஓர் ஆணை எவ்வாறு நடந்து சென்றது என்பதை இத்தகைய செப்பேடுகள் வரிசையாகக் காட்டுகின்றன.

மன்னன் வாயாற் சொன்னதைத் திருமந்திர ஓலை என்னும் அதிகாரி எழுதினான். ஓலைநாயகம் அதனை ஒப்புநோக்கினான். பின்னர் அது திருமுகமாகி நாட்டாரிடம் சென்றது. நாட்டார் எழுந்து எதிர்கொண்டு சென்று, தொழுது வாங்கி, தலைமேல் வைத்தனர். பிடியானையை எல்லை வழியே நடத்தி, கல்லும் கள்ளியும் நாட்டி, செய்த காரியத்தை ஓலையில் எழுதிக் கையொப்பமிட்டு மேலிடத்துக்கு விடுத்தனர். அனுப்பியவர் யார், எழுதியவர் யார், வாங்கியவர் யார், வாங்கிய பின் செய்தது யாது என்று ஒவ்வொரு படியிலும் ஒரு பெயர் நிற்பதைக் காண்கின்றோம். இதனினும் நிறைவான ஒப்புகைச் சீட்டை இன்றைய தபாற் பகுதியினரும் தரவில்லை எனலாம்.

ஆயினும் அது அரசனுக்கு வாய்த்த வசதி. தூர தேசத்திலிருக்கும் மகனுக்கு ஓலை அனுப்பிய தாய்க்கு அத்தகைய சான்று கிடைத்ததில்லை. யாத்திரிகரோ வணிகரோ எடுத்துச் சென்றால் உண்டு. இடையில் அவர் மறந்தால் கேட்பாரில்லை. எளியவனுடைய கடிதத்துக்கும் ஒரு சாட்சி நிற்கும் காலம் வரப் பல நூற்றாண்டுகள் ஆயின.

கரையோரத் தப்பால்

ஒல்லாந்தர் இத்தீவின் கரைநாடுகளை ஆண்ட காலத்திற் கோட்டைகளுக்கிடையே கடிதங்களைக் கொண்டுசெல்ல ஓட்டக்காரரை வைத்திருந்தனர். இன்றும் நாம் 'தபாற்கந்தோர்' என்னுஞ் சொல்லில் வழங்கும் 'கந்தோர்' அவர்கள் மொழி தந்ததேயாம். 1796இல் ஆங்கிலேயர் கரைநாட்டைக் கைப்பற்றினர். 1815ஆம் ஆண்டளவில் தபாலுக்கென ஒழுங்குவிதிகள் ஏற்பட்டன. 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே தபால் வண்டி ஓடத் தொடங்கியது. எமது கரைக்கோ நெடுங்காலம் வண்டியில்லை. கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் வழியாக மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சென்ற தப்பால், மனிதன் காலையே நம்பியிருந்தது. புத்தளத்துக்கு வடக்கே பொம்பரிப்புக் காட்டைக் கடக்கவேண்டும். யானையும் கரடியும் உலவும் வழி அது. ஓட்டக்காரன் ஒருவன் தன் எல்லை வரை ஓடி, அடுத்தவன் தோளிற் பையை மாற்றிவிடுவான்.

கற்பிட்டியிற் பிறந்த பேரறிஞர் சைமன் காசிச்செட்டி (1807-1860) வாழ்ந்தது இக்காலத்திலேயாம். இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் அகரவரிசைப்படுத்தி 1834இல் அவர் வெளியிட்ட ஆங்கில நூலும், தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்து 1859இல் வெளியிட்ட நூலும் இன்றும் ஆராய்ச்சியாளருக்கு உதவுகின்றன. அவர் தமது முதல் நூலை வெளியிட்ட நாளில் இத்தீவில் தபால் முத்திரை என்பதே இல்லை. இலங்கையின் முதல் முத்திரையாகிய ஆறு பென்சு முத்திரை 1857 ஏப்பிரில் 1ஆந் திகதிதான் வெளிவந்தது. முத்திரையின் வருகையைப் பெரும் முன்னேற்றம் என்றே படித்திருக்கின்றோம். ஆயின் அம்முன்னேற்றமே ஒரு புதிய குறையையும் உடன் கொண்டுவந்தது. அதனை அறிய, முத்திரை பிறந்த நாட்டுக்குச் சிறிது செல்லவேண்டும்.

பென்னியும் சில்லிங்கும்

1840க்கு முன்னர் இங்கிலாந்திற் கடிதத்துக்குரிய கூலியைப் பெரும்பாலும் பெறுபவரே கொடுத்தனர். தூரத்துக்கும் தாள்களின் எண்ணிக்கைக்கும் ஏற்பக் கூலி ஏறியது. ஏழை மக்கள் கடிதத்தைக் கண்டு கண்ணீர் விட்டு, வாங்க வகையின்றித் திருப்பிவிட்டனர். இக்கொடுமையைத் தீர்க்க ரோலண்ட் ஹில் என்பார் முயன்றதன் பயனாக, 1840 சனவரி 10 முதல் அரை அவுன்சு நிறைக்கு உட்பட்ட கடிதம் நாட்டின் எம்மூலைக்கும் ஒரு பென்னியிற் சென்றது. அதே ஆண்டு மே மாதத்தில் உலகின் முதல் முத்திரை வெளிவந்தது.

இங்கேதான் நுட்பமான ஒன்று மறைந்து கிடக்கின்றது. பெறுபவர் கூலி கொடுத்த காலத்தில், ஒவ்வொரு கடிதத்துக்கும் கணக்கு இருந்தது. கடிதம் சேர்ந்தாற்றான் காசு வரும். ஆகையால் அதனைச் சேர்ப்பதில் தபாற் பகுதிக்கே அக்கறை இருந்தது. கூலியை அனுப்புபவர் முன்கூட்டிச் செலுத்திய பின்னரோ, கடிதங்கள் பெயரற்ற பெருந்திரளாயின. ஒன்று தவறினால் எங்கே தவறியது என்று காட்டக் கணக்கில்லை. காசும் நகையும் வைத்த உறைகள் இடைவழியிற் காணாமற் போயின என்ற முறைப்பாடு பெருகியது.

அதற்கு மருந்தாக 1841 சனவரி 6ஆந் திகதி பதிவு முறை புகுத்தப்பட்டது. மலிவுத் தபால் பிறந்து ஓராண்டு நிரம்புமுன்னரே அதன் காவலாளியும் பிறந்துவிட்டான்! ஆனால் காவலாளியின் கூலி ஒரு சில்லிங்கு. அதாவது பன்னிரண்டு பென்னி. கடிதத்துக்கு ஒரு பென்னி, நம்பிக்கைக்குப் பன்னிரண்டு பென்னி என்றால், நம்பிக்கை செல்வர்க்கு மட்டும் உரியதாயிற்று. அக்கட்டணம் 1848இல் ஆறு பென்சாகவும், 1862இல் நான்கு பென்சாகவும், 1878இல் இரண்டு பென்சாகவும் இறங்கியது. ஒரு பெரும் பட்டணத்துத் தொழிலாளியும் தன் கடிதத்துக்குச் சாட்சி வைக்கக் கூடிய நிலை வர 37 ஆண்டுகள் பிடித்தன.

கைமாறும் ஒவ்வொரு கையும்

பதிவுத் தபாலின் உயிர்நாடி யாது? அதன் விரைவன்று, பூட்டுமன்று. கைமாறும் ஒவ்வொரு கையும் ஒப்பமிடுவதே அதன் உயிர்நாடி. கந்தோரிற் கடிதத்தைக் கொடுத்தவுடன் அதற்கு ஓர் இலக்கம் இடப்படுகின்றது. அவ்விலக்கம் பொறித்த பற்றுச்சீட்டு அனுப்புபவர் கைக்கு வருகின்றது. பையிற் போகும் பதிவுக் கடிதங்களுக்குத் தனிப்பட்டியல் உண்டு. அடுத்த கந்தோரிற் பையைத் திறப்பவர் பட்டியலையும் கடிதங்களையும் ஒப்பிட்டே ஏற்கின்றார். ஈற்றில் தபாற்காரரின் பட்டியலிற் பெறுபவர் ஒப்பமிட்டு வாங்குகின்றார். மேலும் ஒரு சிறு கட்டணஞ் செலுத்தினால், பெறுபவரின் ஒப்பந் தாங்கிய அட்டை அனுப்பியவரிடமே திரும்பிவருகின்றது.

எமது கரையிற் கரைவலை இழுப்பதைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். வலையின் இரு தலைகளிலும் கயிறு உண்டு. இரு பக்கத்திலும் ஆட்கள் நின்று ஒத்திழுத்தாற்றான் மடி மீனோடு கரைசேரும். ஒரு கயிறு தளர்ந்தாலும் மீன் போய்விடும். அனுப்பியவர் கையிலுள்ள பற்றுச்சீட்டு ஒரு கயிறு. பெற்றவர் இட்ட ஒப்பம் மறு கயிறு. இரண்டும் இறுகினாற்றான் உண்மை கரையேறும்.

நாடுகளுக்கிடையே இம்முறையை ஒழுங்குபடுத்தியது அனைத்துலகத் தபாற் சங்கம். சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகரில் 1874 ஒக்டோபர் 9ஆந் திகதி அதற்குரிய உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. இலங்கை 1877இற் சேர்ந்தது. 1878இல் பாரிசில் எழுதப்பட்ட உடன்படிக்கை, பதிவுக் கடிதம் தொலைந்தால் 50 பிராங்கு ஈடு கொடுக்கவேண்டுமென்றும், சேர்ந்தமை அறிவிக்கும் அட்டைக்கு 25 சாந்தீமுக்கு மேல் வாங்கலாகாதென்றும் விதித்தது. பதிவு என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தாகிய 'ஆர்' எழுத்தை எந்நாட்டுத் தபாற்காரரும் கண்டவுடன் அறிந்துகொண்டார். சாதியும் மொழியும் சமயமும் வேறாயினும் ஓர் எழுத்துக்கு உலகம் முழுவதும் ஒரே பொருள் ஏற்பட்டது வியப்பன்றோ!

எமது கரையில் ஓட்டக்காரரின் காலடியைப் பின்தொடர்ந்து புகையிரதம் வந்தது. 1916இற் சிலாபத்தையும் 1926இற் புத்தளத்தையும் அது எட்டியது. 1914இல் தலைமன்னாருக்கும் தனுக்கோடிக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியதால், தமிழகத்துக்கும் எமக்குமிடையே தபாற் பை செல்லும் வழி குறுகியது.

நீதிமன்ற வாயிலில்

தபாற்கந்தோரில் தொடங்கிய சான்று, நீதிமன்றத்திற் பெருமதிப்புப் பெற்றது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டமும், அதனைத் தழுவி எழுந்த 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க இலங்கைச் சான்றுக் கட்டளைச் சட்டமும் தம் 16ஆம் பிரிவில் ஓர் உதாரணத்தைக் காட்டுகின்றன. கடிதம் ஒன்று ஒருவரைச் சேர்ந்ததா என்பது கேள்வியானால், அது முறைப்படி தபாலில் இடப்பட்டதும், உரியவரைச் சேராத கடிதங்களுக்கான கந்தோரிலிருந்து திரும்பிவராததும் பொருத்தமான விடயங்கள் என்பதே அது. பதிவில்லாக் கடிதத்துக்கே சட்டம் இவ்வளவு இடங்கொடுத்ததென்றால், ஒப்பமிட்ட கடிதத்தின் வலிமையைச் சொல்லவும் வேண்டுமோ?

இந்தியாவின் 1897ஆம் ஆண்டுப் பொதுவாசகங்கள் சட்டத்தின் 27ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே சென்றது. சரியான விலாசமெழுதி, கூலி செலுத்திப் பதிவுத் தபாலில் அனுப்பினால், மாறாக நிரூபித்தாலன்றி, அது சேர்ப்பிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்றது. இலங்கையில் 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையிற் பின்னர் வந்த திருத்தங்கள், வழக்கின் அழைப்பாணையை முதலிற் பதிவுத் தபாலில் அனுப்பும் முறையைப் புகுத்தின. அது சேராவிடத்துப் பிஸ்கால் அதிகாரியோ கிராம உத்தியோகத்தரோ நேரிற் சென்று கொடுத்தல் அடுத்த படி.

சான்று என்ற பெயர் தாங்கியதெல்லாம் சான்றாகிவிடாது என்பதையும் வரலாறு காட்டியது. கடிதத்தைத் தபாலில் இட்டதற்கு மட்டும் முத்திரை குத்திக் கொடுக்கும் சான்றிதழ் ஒன்று இந்தியாவில் வழங்கியது. கட்டணம் சிறிது, ஆனால் அக்கடிதம் பின்னர் எங்கே சென்றது என்பதற்கு எப்பதிவும் இல்லை. நீதிமன்றங்கள் அதனை ஐயத்தோடு நோக்கின. 2011இல் அது நிறுத்தப்பட்டது. ஒரு தலைக் கயிற்றை மட்டும் பிடித்து வலையிழுத்த கதையே அது.

எமது கரையும் இந்தச் சான்றும்

இனி எம்மவர் நிலைக்கு வருவோம். 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் (குடியுரிமை) சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க இரண்டாண்டுத் தவணையே கொடுக்கப்பட்டது. 1951 ஓகத்து 5ஆந் திகதியோடு அது முடிந்தது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் மட்டுமன்றி, சிலாபம், புத்தளம் பகுதித் தென்னந்தோட்டங்களிலும் அச்சட்டத்துக்கு உட்பட்டோர் வாழ்ந்தனர். ஒருவன் இந்நாட்டவனா அல்லனா என்பதே ஒரு விண்ணப்பத்தில் தங்கியிருந்த காலம் அது. அத்தகைய வேளையில், 'இன்ன நாளில் அனுப்பினேன்' என்று காட்டும் கடதாசி பொன்னினும் பெறுமதியுடையது.

பெறுபவர் பக்கத்திலும் எம்மவர்க்குத் தனித் தொல்லைகள் உண்டு. உடப்பிலும் சிலாபக் கரையிலும் சோளகக் காற்று எழுந்து கடல் கொந்தளிக்கும் மாதங்களில், தொழிலாளர் பலர் கிழக்குக் கரைக்குச் சென்று வாடியமைத்துத் தொழில் செய்வது தொன்றுதொட்ட வழக்கம். முல்லைத்தீவுக் கரையிலோ திருகோணமலைக் கரையிலோ அவர் வலையிழுக்கும் வேளையில், ஊரில் அவர் பெயருக்குப் பதிவுக் கடிதம் வருகின்றது. வீட்டில் வாங்குவாரில்லையெனின் அறிவித்தற் சீட்டு விடப்படும். தவணை கழிந்தாற் கடிதம் திரும்பிவிடும். 'சரியான விலாசத்துக்கு அனுப்பினேன். வாங்காதது அவர் குற்றம்' என்று அனுப்பியவர் வாதிட அதுவே போதும். 1970களின் பிற்பகுதி தொட்டு மேற்காசிய நாடுகளுக்குத் தொழில் தேடிச் சென்றோரின் இல்லங்களிலும் இதே நிலைதான். எளியவனுக்குத் துணையாக வந்த சாட்சி, அவன் இல்லாத வேளையில் அவனுக்கெதிராகவே சாட்சி சொல்லவும் கூடும்.

மொழியும் ஒரு தடையாக நின்றது. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் பின்னர், தமிழ் மட்டும் அறிந்தோர் தமக்கு விளங்காத மொழியில் வந்த அறிவித்தல்களுக்கு ஒப்பமிட நேர்ந்தது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. எனினும், ஏட்டில் உள்ள உரிமை உறைக்குள் இருக்கும் கடிதத்தை எட்டவேண்டும். ஒப்பம் கையைப் பிணிக்கும். கடிதத்தின் பொருளை அறிந்தாற்றான் அது அறிவையும் சேரும். சட்டம் பார்ப்பது முன்னதை. வாழ்வை ஆக்குவதும் அழிப்பதும் பின்னது.

இன்றும் இனியும்

விலைமதிப்புள்ள பொருளுக்குக் காவல் வேறு, கடிதத்துக்குச் சாட்சி வேறு என்பதை உணர்ந்து, சில நாடுகள் இரண்டையும் பிரித்தன. அமெரிக்காவில் 1955இலும் பிரித்தானியாவில் 1961இலும், பெரிய ஈட்டுறுதியின்றி, சேர்ந்தமைக்குச் சான்று மட்டும் தரும் மலிவுச் சேவைகள் பிறந்தன. பின்னர் கணினி வந்தது. இன்று நாடுகடந்து செல்லும் பதிவுப் பொருளொன்றின் அடையாளம் 13 இடங்களைக் கொண்டது. முன்னே இரண்டு எழுத்து, நடுவே ஒன்பது இலக்கம், ஈற்றில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. இலங்கைக்கு 'எல்கே', இந்தியாவுக்கு 'ஐஎன்'. அன்று கந்தோருக்குக் கந்தோர் பட்டியலில் எழுதியதைத்தான் இன்று கணினி எழுதுகின்றது.

மாற்றங்கள் வேறு திசையிலும் நடக்கின்றன. இந்தியாவில் 2025ஆம் ஆண்டிற் பதிவுத் தபால் என்னும் தனிச்சேவை, 1986இல் தோன்றிய விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டது. பதிவு என்பது அதன்மேல் மிகைக்கட்டணஞ் செலுத்திப் பெறும் வசதியாயிற்று. 1620இல் தரங்கம்பாடியிற் கோட்டை கட்டுவித்த டென்மார்க்கு மன்னன் நான்காம் கிறித்தியானே, 1624இல் தன் நாட்டில் தபாற் சேவையை நிறுவினான். நானூறு ஆண்டு கடந்த அந்நாட்டு அரசத் தபால், 2025 திசம்பர் 30ஆந் திகதியோடு கடிதம் சேர்க்கும் பணியை நிறுத்திக்கொண்டது. அப்பணி தனியார் கைக்குச் சென்றது.

இவற்றைக் கண்டு புலம்புதல் வேண்டா. திருமுகத்தைத் தலைமேல் வைத்த காலமும் போயிற்று. பொம்பரிப்புக் காட்டில் ஓடியவன் காலமும் போயிற்று. ஆயின் ஒன்றைக் கேட்டே ஆகவேண்டும். 1841இல் பன்னிரண்டு பென்னியாக இருந்த நம்பிக்கையின் விலை, நெடுங்கால முயற்சியால் எளியவனுக்கு எட்டும்படி இறங்கியது. புதிய முறைகள் வரும்போது அவ்விலை மீண்டும் ஏறிவிடலாகாது. கணினியும் கைத்தொலைபேசியும் இல்லாத கிழவிக்கும், தன் மனு சேர்ந்தது என்று காட்ட ஒரு சான்று கையில் இருக்கவேண்டும்.

இளைஞர்களே! இதில் எமக்கும் கடமைகள் உண்டு. எமது ஊரில் முதியோர் எவரேனும் கச்சேரிக்கோ வேறு கந்தோருக்கோ மனு அனுப்பும்போது, அதன் பிரதியொன்றை வைத்துக்கொள்ளவும், பதிவுத் தபாலில் அனுப்பவும், பற்றுச்சீட்டை ஆண்டுக்கணக்கில் பேணவும் சொல்லிக்கொடுப்போம். வாடிக்குப் போகும் குடும்பத்தார், கடிதம் வந்தால் வாங்கும் பொறுப்பை நம்பிக்கையான உறவினரிடம் எழுத்தில் ஒப்படைத்துச் செல்லும்படி தூண்டுவோம். வேற்று மொழியில் வரும் அறிவித்தலை அன்றே படித்துப் பொருள் கூறவும், பதில் எழுதிக் கொடுக்கவும் வாரத்தில் ஒரு மாலைப்பொழுதைச் சங்க மண்டபத்தில் ஒதுக்குவோம். சிங்களமும் ஆங்கிலமும் கற்ற இளைஞர் எம்மிடையே பலர் இருக்கின்றனர். அக்கல்வி பிறர்க்கு உதவ இதனினும் நேரான வழி வேறில்லை.

பெரியோர்களே! உங்கள் பெட்டிகளிற் பழைய பற்றுச்சீட்டுகளும் உறைகளும் கிடக்குமாயின், அவற்றைக் குப்பையென்று எரித்துவிடாதீர்கள். எந்த ஆண்டில், எந்தக் கந்தோரிலிருந்து, எவருக்கு எழுதினோம் என்று அவை பேசும். அரச பரம்பரைகளுக்குச் செப்பேடுகள் உண்டு. வலையிழுத்தும் உப்பள்ளியும் தேங்காய் உரித்தும் வாழ்ந்த எமது மக்களுக்கு அக்கடதாசித் துண்டுகளே செப்பேடுகள்.